கணுக்கால்

குத்துச்சண்டை ஆட்டம் முடிந்து லில்லியின் கையுறைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார் அந்தோணிமுத்து. இந்த விலங்குப் பூங்கா வேலைக்கு முன் மூட்டை சுமந்தவர். அவர் உள்ளங்கைக் காய்ப்பை உதட்டால் தடவிப் பார்த்தது அந்த உராங்குட்டான் குரங்கு.

காகிதத்தோடு வந்த வன அதிகாரி கேட்டார்: "இது இங்கேயே பிறந்ததா? கடத்தி வந்ததுன்னா காட்டுக்குத் திருப்பி அனுப்பணும்."

"இங்கதான் சார். பிரசவம் பார்த்ததே இவன்தான்" என்று சிரித்தார் பூங்கா மேனேஜர். "சொல்லுய்யா. ஆறு வருஷமா சோறு போடுற இடம்."

அந்தோணிமுத்து மண்டியிட்டார். லில்லியைத் தட்டிக்கொடுத்து உட்காரவைத்து, அவள் வலது கணுக்காலின் செம்மயிரை விலக்கினார். அவள் பெட்டியில் அடைபட்டு வந்து இறங்கிய அன்று சீழ் வடிந்த இடம். காட்டில் கம்பிக் கண்ணி அறுத்த தழும்பு வளையம்போல் கிடந்தது.

"இது எப்படிய்யா?" என்று அதிகாரி குனிந்தார்.

மேனேஜர் இருமினார். அந்தோணிமுத்து தழும்பிலிருந்து விரலை எடுக்கவில்லை.