மாவுக்கட்டுக் கை

இன்னும் முழுசாக இருட்டவில்லை. திறந்தவெளித் திரையின் ஓரத்தில் ஆர்கன்சா வானத்தின் சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்டிக்குள் இருந்தபடியே படம் பார்க்கிற கார் வரிசைக்குள் எங்கள் பழைய பிக்கப் வண்டியும் நிற்கிறது. பக்கத்தில் என் மனைவி வெர்லீன், மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் கிடத்திக்கொண்டு சோளப்பொரி கொறிக்கிறாள். இந்தக் கோடையில் எங்கள் ஊரிலேயே எடுத்த மலிவுப் படம்தான். முப்பதுகளின் பஞ்சகாலத்தில் ஒரு கொள்ளைக்காரி சரக்கு ரயிலேறித் தப்புகிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு கூரையில், அந்தக் காலத்தில் இல்லவே இல்லாத டி.வி. ஆன்டெனா நிற்கிறது. இதோ, சிவப்பு முடி பறக்க, ஓடும் ரயிலில் ஒரு பெட்டியின் கூரையிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவுகிறாள். முகம் தெரியவில்லை, முதுகுதான். ஹாரன்தான் இங்கே கைதட்டல். சுற்றிலும் கார்கள் அலறுகின்றன. "அந்த நடிகைக்கு என்ன தில்லு பாத்தியாடா!" என்று முன்கார் இளைஞன் கத்துகிறான். நான் கதவைத் திறக்கிறேன்.

"எங்க கெளம்பிட்ட?"

"தாவுனது நீதான்னு அவன்கிட்ட சொல்லிட்டு வரேன்."

"ஒக்காருய்யா. ஒடிஞ்சது என் கை, ஒனக்கு எங்க வலிக்குது?"

சொல்லிவிட்டு என் மேல் சாய்ந்து, மாவுக்கட்டுக் கையாலேயே ஹாரனை அழுத்துகிறாள். மற்ற ஹாரன்களெல்லாம் ஓய்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை.