கந்தகம் போட்ட அறை

இங்கிலாந்தின் லங்காஷயரில் சானிடரி இன்ஸ்பெக்டருக்குப் பாதி வேலை பசை தடவுவது, மீதி வேலை ஊராரிடம் திட்டு வாங்குவது. தொற்றுக் காய்ச்சல் கண்டவர் படுத்த அறையில் கிருமி சாகக் கந்தகம் கொளுத்தி வைத்து, வெளியே வந்து, புகை கசியாதபடி கதவிடுக்கில் காகிதம் ஒட்டுவேன். மறுநாள் பிரிப்பேன்.

மில்லில் வேலை பார்க்கும் ஹானாவின் மூத்த மகள், ஐந்து வயது வின்னி, ஆஸ்பத்திரியில் இறந்ததும், அவள் படுத்திருந்த மாடியறையையும் அப்படித்தான் அடைத்தேன்.

"பக்கத்து வீட்டுல நீங்க ஒட்டினதப் பாத்ததுலருந்து வின்னிக்கு அதே விளையாட்டுத்தான்யா. வீடு பூரா பேப்பர். திட்டித் தீத்தேன், பாவி," என்றாள் ஹானா.

மறுநாள் காலையில் என் காகிதம் கிழியாமல் இருந்தது. உரித்துவிட்டுக் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. தோளால் இடித்தபோது உள்ளே ஏதோ கிழிந்தது.

அறையில் யாருமில்லை. ஜன்னலில் நான் ஒட்டியதும் அப்படியே இருந்தது. கதவின் உட்பக்கம் இடுக்கு நெடுகக் காகிதம் ஒட்டியிருந்தது. பசை ஈரமாக இருந்தது. தரையிலிருந்து என் இடுப்புயரம் வரை ஒழுங்காக ஒட்டியிருந்தது. அதற்கு மேல் இல்லை.

"முடிஞ்சுதாய்யா?" ஹானா கீழிருந்து கேட்டாள். "சின்னவள இன்னிக்கு அங்கதான் படுக்க வெக்கணும். வேற எடமில்ல."

"இன்னும் ஒரு நாள் ஆகும்மா," என்றேன்.

கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் காகிதம் ஒட்டினேன். அந்தப் பக்கத்திலும் யாரோ பசை தடவும் சத்தம் கேட்டது. அது என் இடுப்புயரத்தில் நின்றது.