பக்கத்து வீட்டுச் சட்டி

பின்வேலியில் ஆள் நுழைகிற கடப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்த மருமகளை றோசம்மா கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"எங்கயிருந்து வாறாய், பிள்ளை?"

"கைருன்னிசாக்கா கூப்பிட்டவ, மாமி."

ஜெனிற்றா தலையைக் குனிந்தாள். விரல்களில் தேங்காய்ப்பால் விட்ட மீன்குழம்பின் மணம் இன்னும் போகவில்லை.

றோசம்மாவின் குசினியில் அந்த மணம் போன மாரியோடு நின்றுபோனது.

அந்த மாரியில்தான் அவளுடைய புருசன் யாகப்புவுக்கு நெஞ்சு நொந்து மன்னாருக்குக் கொண்டு ஓடினார்கள். கொழுப்பைக் குறைக்க வேண்டுமென்று டொக்டர் சொன்னார். றோசம்மா குறைக்கவில்லை, அடியோடு ஒழித்தாள். தேங்காய் துருவுகிற திருவலை கட்டிலுக்குக் கீழே போனது. நல்லெண்ணெய்ப் போத்தல் மாதா படத்து விளக்குக்குப் போனது. சூடை, சாளை என்று நெய் வடிகிற மீன் எதுவும் முற்றத்துக்குள் வரக்கூடாது.

யாகப்பு ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. புளித்தண்ணியில் அவிந்த வெள்ளை மீனைத் தின்றுவிட்டு, நல்லாயிருக்கு என்றும் சொன்னார்.

வில்லங்கம் ஜெனிற்றாவால் வந்தது. அவள் கைப்பிள்ளைக்காரி. புருசன் றொபேட், றோசம்மாவுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே மகன், ஓலைத்தொடுவாய்க் கரையில் வாடி போட்டுத் தங்கி மீன் பிடிக்கிறான், ஞாயிறுக்குத்தான் வீட்டுக்கு வருவான். மிட்வைப் வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். தாய் வற்றிப்போய் இருக்கிறாள், பிள்ளையின் நிறை ஏறவில்லை. நெய்யுள்ள சின்ன மீன், தேங்காய், கச்சான் கடலை, ஒரு கரண்டி நல்லெண்ணெய் எல்லாம் தாய் தின்னத்தான் வேண்டும், பிள்ளைக்கு மூளை வளருகிற காலம் இது என்று படித்துப் படித்துச் சொன்னார்.

"ஒரு வீட்டில ரெண்டு சட்டி வைக்க ஏலாது, மிஸ். மணம் வந்தால் அந்த மனுசன் கை வைச்சிடும்" என்று றோசம்மா முடித்துவிட்டாள்.

ஆனால் போன மாத நிறுவையில் பிள்ளையின் நிறை ஏறியிருந்தது. மடுமாதாவுக்கு வைத்த நேர்த்தி பலித்ததென்று றோசம்மா அரிப்பு ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். அந்த நேர்த்தி எந்த அடுப்பில் வெந்ததென்று இப்போதுதான் விளங்கியது.

மருமகளுக்குச் சோறு போடாத மாமி என்று ஊர் கதைக்காதா? இனி அந்தக் கடப்பைத் தாண்டக் கூடாதென்று சொன்னாள். ஜெனிற்றா பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். றோசம்மா தானே கடப்பைத் தாண்டிப் போனாள்.

கைருன்னிசா சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். றோசம்மா வீட்டார் இந்தியாவில் முகாமிலிருந்தும் கைருன்னிசா வீட்டார் புத்தளத்திலிருந்தும் ஒரே வருசம் ஊருக்குத் திரும்பியவர்கள். இரண்டு வீட்டுக்கும் கிணறு ஒன்றுதான்.

"என்ர மருமகளுக்குச் சோறு போட எனக்குத் தெரியும். உன்ர மீனை நீயே தின்."

கைருன்னிசாவுக்குக் கோபம் வரவில்லை.

"மீன் எங்கட இல்லக்கா. ஆக்குறது மட்டும்தான் நான்."

"அப்ப ஆற்ர மீன்?"

அவள் சொல்லலாமா விடலாமா என்று யோசிக்கும்போதே முன்படலை திறந்தது. யாகப்பு. கையில் ஒரு பை, பைக்கு வெளியே சூடை மீன்களின் வால்கள்.

நெஞ்சு நோவுக்குப் பிறகு அவர் கடலுக்குப் போவதில்லை. கரைவலை இழுக்கிற இடத்தில் மீன் பொறுக்கிக் கொடுத்தால் கறிக்கு மீன் கிடைக்கும். இந்தக் கொஞ்ச நாளாக, மீன் படேல்லை என்று வீட்டுக்கு வெறுங்கையோடு வருகிற மனுசன்.

றோசம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ஒளிச்சு இஞ்ச வந்து தின்னுறீங்கள். அதுக்குப் பிள்ளைபெத்தவளைச் சாட்டு, என்ன?"

"அப்பிடிச் சொல்லாதீங்கக்கா" என்றாள் கைருன்னிசா. "அண்ணன் ஒரு வால்துண்டு வாயில வச்சதில்ல. மீனைத் தந்திட்டுத் திரும்பியும் பாராமப் போவார். ஒரு வாய் தின்னுங்க எண்டா, என்ர மனுசி அவிச்சு வச்சிருப்பாள் எண்டுவார்."

றோசம்மா கொஞ்சம் ஆறினாள். டொக்டரின் சொல்லையாவது மனுசன் காப்பாற்றியிருக்கிறாரே.

யாகப்பு அவள் முகத்தைப் பார்த்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று நினைத்திருக்க வேண்டும். பையை நிலத்தில் வைத்தார்.

"டொக்டரிட்டத் திருப்பிக் கேட்டனான். இறைச்சிக் கொழுப்பையும் பொரியலையும்தான் விடச் சொன்னவர். சூடையும் சாளையும் நெஞ்சுக்கு நல்லதாம். தேங்காயும் அளவோட எண்டால் பரவாயில்லையாம்."

"எப்ப கேட்டனீங்கள்?"

"தைப்பொங்கலுக்கு முன்னம்."

இது ஆடி மாதம். அவ்வளவு காலமும் அந்தப் புளித்தண்ணியைக் குடித்துவிட்டு, நல்லாயிருக்கு என்று சொன்ன வாய்.

றோசம்மா குனிந்து மீன்பையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

யாகப்பு கடல் பக்கமாகப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"றொபேட்டின்ர அண்ணன்மார் ரெண்டு பேரும் காணாமல் போன நாளில இருந்து நீ ஒரு இரவும் ஒழுங்காக் கண் மூடினதில்லை, றோசம்மா. என்ர சட்டிக்குக் காவல் நிக்கத் தொடங்கின பிறகுதான் நித்திரை கொள்ளுறாய்."