கண்ணாடி அறை

காது கேட்கவில்லை என்று போர்முனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட சிப்பாய், மனைவியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிரே கண்ணாடி அறைக்குள் அவருடைய பென்ஷனைப் பற்றி அதிகாரியும் டாக்டரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சிப்பாய் வைத்த கண் வாங்காமல் அங்கேயே பார்த்தார்.

பியூன் கூப்பிட்டதும் இருவரும் உள்ளே போனார்கள்.

"இன்னும் முடிவு பண்ணலைம்மா. வீட்டுக்காரருக்குச் சைகையில சொல்லிடுங்க" என்றார் அதிகாரி.

சிப்பாய் முந்திக்கொண்டார். "முடிவு பண்ணியாச்சே சார்! 'ஆளு நடிக்கிறான், பாதி பென்ஷனைக் கொடுத்துக் கழிச்சுக் கட்டிடலாம்'னு இப்பதானே சொன்னீங்க?"

அதிகாரி மேசையைத் தட்டினார். "மாட்டிக்கிட்டீங்க! டாக்டர், பார்த்தீங்களா? ஐயாவுக்குப் பாம்புச் செவி!"

மனைவி நிதானமாகக் கேட்டாள். "கதவு சாத்தியிருந்துச்சே சார். பக்கத்துல இருந்த எனக்கே ஒரு சத்தமும் கேக்கலை. இவருக்கு எப்படிக் கேட்டுச்சாம்?"

அதிகாரி கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"கேக்கலை சார், பார்த்தேன்" என்றார் சிப்பாய். "ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்து இவ உதட்டைப் பார்த்துத்தான் குடும்பமே நடத்துறேன். உங்களுது இன்னும் சுலபம். நல்ல பெரிய வாய்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முழு பென்ஷனுக்குக் கையெழுத்துப் போட்டார்.

மனைவி கணவர் பக்கம் திரும்பி, குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து ஏதோ சொன்னாள். சிப்பாய் வெடித்துச் சிரித்தார்.

நல்ல காது வைத்திருந்த மற்ற இரண்டு பேருக்கும் அது கேட்கவே இல்லை.