சரசு காலில் மாவுக்கட்டு

அண்ணாமலையார் அறிய, இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. பொய்யாக இருந்தால், மிச்சமிருக்கும் என் மூன்று பல்லும் நாளைக்கே கொட்டிப் போகட்டும்.

எழுபத்தொன்பதாம் வருஷம், கார்த்திகைக் கடைசி. தீபக் கூட்டம் வடிந்து ஊர் அப்போதுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. காலேஜ் மைதானத்தில் அடி அண்ணாமலை கிராமத்து இருசப்பன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். தங்கமான மனுஷர், பார்க்கவும் லட்சணமாக இருப்பார். வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

"யோவ் டைரக்டரு! ஓடக் கத்துக் குடுன்னு அனுப்பினா, பொண்ணு காலை ஒடச்சி வெச்சிருக்கியே! நீயெல்லாம் படிச்சவனா?"

பெஞ்சில் அவருடைய ஒரே மகள் சரசு குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். இடது காலில் முழங்காலிலிருந்து விரல் வரைக்கும் மாவுக்கட்டு.

திட்டு வாங்கிக்கொண்டு நின்றவர் பரசுராமன் சார். காலேஜில் பிசிகல் டைரக்டர், ஓட்டப் பயிற்சி முழுக்க அவர் பொறுப்பு. ஓடச் சொல்லித் தருவார், சுளுக்கு விழுந்தால் கட்டுப் போடவும் சொல்லித் தருவார். ஒன்பது வருஷத்தில் தன்னிடம் ஒரு பிள்ளைக்கும் எலும்பு விரிசல் விட்டதில்லை என்பதுதான் அந்த மனுஷருக்கு இருந்த ஒரே பெருமை.

"தப்பு என்னுதுதாங்க," என்றார்.

"தப்புன்னா ஆச்சா? வெள்ளிக்கிழமை அவளுக்கு நிச்சயம்!"

பிள்ளைகள் கூடிவிட்டார்கள். சத்தம் கேட்டு பிரின்சிபாலே வெளியே வந்தார். சாயந்திரத்துக்குள் பரசுராமன் சார் கையில் மெமோ.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மெட்ராஸில் யூனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். எண்ணூறு மீட்டரில் சரசுவை மிஞ்ச வட ஆற்காட்டில் ஆள் இல்லை. ஆனால் இருசப்பனின் அக்கா தனம், செங்கம் பக்கத்திலிருந்து, தன் மகன் பலராமனுக்கு சரசுதான் என்று முடிவு கட்டிவிட்டாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் பேச்சை இருசப்பன் ஒருநாளும் தட்டியதில்லை.

செவ்வாய்க்கிழமையே தட்டோடும் மகனோடும் வந்து இறங்கினாள். மாவுக்கட்டைப் பார்த்தாள்.

"ஒடிஞ்சதும் நல்லதாப் போச்சு. நிச்சயமான பொண்ணு டவுசர் மாட்டிக்கினு மெட்ராஸ்ல ஓடுறதா? வெள்ளிக்கிழமை உக்காந்தபடியே தட்டு மாத்திக்கலாம்."

"இந்த நெலமையில எப்பிடிக்கா..."

"இன்னாடா எப்பிடி? இத உட்டா மார்கழி பொறந்துடும். நிச்சயம் காலுக்கா பண்றோம்?"



தினம் விடியற்காலை பரசுராமன் சாரின் சம்சாரம் ஜட்கா வண்டியில் வந்து, ஒத்தடம் கொடுக்க வேண்டும் என்று சரசுவை அழைத்துப்போவாள். கிரிவலப் பாதையில் ஆள் நடமாட்டம் கம்மியான இடம் வந்ததும் வண்டி நிற்கும். கட்டு சிப்பி மாதிரி இரண்டாகத் திறக்கும். சரசு இறங்கி ஓடுவாள். பின்னாலேயே சார் சைக்கிளில், கையில் ஸ்டாப் வாட்ச். அதற்கும் பின்னால் ஜட்காவில் அந்த அம்மா, மாவுக்கட்டுக் காலைப் பிள்ளை மாதிரி மடியில் கிடத்திக்கொண்டு. வழியில் ஒரு சாமியார் அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

வியாழக்கிழமை நேரமாகிவிட்டது. அவசர அவசரமாகக் கட்டை மாட்டி, வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

தனம் உற்றுப் பார்த்தாள்.

"ஏன்டா இருசப்பா, நேத்து இடது கால்லதானே கட்டு இருந்துச்சு?"

சரசுவுக்கு முகம் செத்துப்போயிற்று. இருசப்பன் ஒரு கணம் முழித்தார். பிறகு படார் படார் என்று மார்பில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ அக்கா! ஒத்தடம் குடுக்குறேன்னு அந்தப் பாவி இன்னொரு காலையும் ஒடச்சிட்டானே!"

"அப்ப இடது காலு?"

"அது மூணே நாள்ல கூடிடுச்சு போலக்கா!"

தனம் தட்டைத் தூக்கிக்கொண்டாள்.

"டேய் பலராமா, கெளம்பு. இது வாத்தி வேலையில்லடா, ஏதோ தோஷம். மாறி மாறி கால் ஒடியற பொண்ணு நம்ம வூட்டுக்கு வாணாம்."

ஞாயிற்றுக்கிழமை சரசு முதலாவதாக வந்தாள். பேப்பரில்கூடப் போட்டார்கள். தனத்துக்குப் படிக்கத் தெரியாதது நல்லதாயிற்று. பலராமனுக்குப் போளூரில் பெண் அமைந்தது. சரசு பிற்பாடு ஒரு காலேஜில் அவளே டைரக்டராக உட்கார்ந்தாள். பரசுராமன் சாரை மட்டும் தனம் எங்கே பார்த்தாலும், "கால் ஒடிக்கிற வாத்தி போறான் பாரு" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அந்த மெமோவும் ரிட்டயர் ஆகும்வரை அவர் ஃபைலிலேயே கிடந்தது.

வாத்தியாரும் பொண்ணும் சேர்ந்து அப்பாவி அப்பனை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்?

கத்தலுக்கு முந்தின நாள், ஒரு பூசணிக்காயைத் தோளில் சுமந்துகொண்டு ஓர் ஆள் சார் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"சார், அக்கா மூஞ்சிக்கு நேரா என்னால மாட்டேன்னு சொல்ல முடியாது. நல்லா இருக்கற காலுக்கே ஒரு கட்டு போட்டு உடுங்க. நாளைக்கு நானே வந்து ஊரறிய உங்களைத் திட்டுறேன். மனசுல வெச்சுக்காதீங்க."

சார் பூசணிக்காயை வாங்கித் திண்ணையில் வைத்தார். பிறகு, "எந்தக் காலுக்குங்க போடலாம்?" என்று மட்டும் கேட்டார்.

இதை யார் சொன்னது என்று மட்டும் எங்கேயும் மூச்சு விட்டுவிடாதீர்கள். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காவுக்கு இப்போது கண்தான் மங்கியிருக்கிறது. காது நன்றாகவே கேட்கிறது.