ஊதா நிறக் குறி

ஊசி போடும் அறையில் ஏசி உறுமிக்கொண்டிருக்கிறது. கட்டிலில் மல்லாந்து படுத்திருப்பவர் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர். தேய்ந்த இடுப்பு மூட்டுக்கு ஆபரேஷன் வேண்டாமென்று அவர் பிடிவாதமாகச் சொன்னதால், அவருடைய எலும்பு மஜ்ஜையிலிருந்தே பிரித்தெடுத்த ஸ்டெம் செல்கள் சிவப்பாக ஊசிக்குழலில் காத்திருக்கின்றன. இருப்பது அந்த ஒரே குழல்தான். வலி குறையலாம், குறையாமலும் போகலாம் என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். கால்மாட்டில் நிற்கும் நர்ஸ் பேனா மூடியைத் திறக்கிறார். “எந்தப் பக்கம்மா?” “வலது,” என்கிறார் டீச்சர் கணீரென்று. வலது இடுப்பில் ஊதா நிறத்தில் ஒரு பெருக்கல் குறி விழுகிறது. ஸ்கேனில் பார்த்து ஊசி போடுவதற்காக டாக்டர் ஜெல் குப்பியைக் குலுக்குகிறார். அக்காவின் செருப்பும் கைப்பையுமாக மூலையில் நிற்கும் தங்கை பதறுகிறாள். “ஐயோ, இருங்க டாக்டர்! இவ நொண்டுறது இடது கால். இருபத்தெட்டு வருஷமா பிள்ளைங்களுக்கு எதிர்ல நின்னு, தன் இடது காலைத் தூக்கிக்கிட்டு ‘வலது’ன்னு கத்துவா. அப்பதான் அதுங்க பார்த்து வலதைத் தூக்கும். எதிர்ல ஆளு நின்னா இவளுக்கு எல்லாமே டிரில் கிளாஸ்தான்!” சுவரில் ஒளிரும் எக்ஸ்ரேயை டாக்டர் திரும்பிப் பார்க்கிறார். தேய்ந்திருப்பது இடது. நர்ஸ் பஞ்சை நனைத்துக் குறியைத் துடைக்கிறார். நல்ல இடுப்பில் வெளிறிய ஊதாக் கறை தங்குகிறது. “டீச்சர், நீங்களே சொல்லுங்க. எந்தப் பக்கம்?” டீச்சர் வலிக்கிற இடத்தில் உள்ளங்கையை வைக்கிறார். ஜெல்லின் குளிர்ச்சி விரல்நுனியைத் தொடும்வரை அதை எடுக்கவில்லை.