மொன்டானாவா, பிரேடியா?

"மொன்டானாவுக்குக் கிட்ட நிக்க ஒருத்தரும் இல்லைத் தம்பி. நாலு சூப்பர் போல் இறுதியாட்டம், நாலும் வெற்றி!" என்றார் சிவசோதி.

"ஓம் அங்கிள். ஆனா பிரேடி ஏழு வெண்டவரெல்லோ?" என்றான் செந்தூரன்.

"பத்துக்குப் போய் மூண்டில தோத்தவரெல்லோ?"

"பத்துத் தரம் அங்க போய் நிக்கிறதே பெரிய விசயம் அங்கிள்."

வடைத் தட்டோடு குசினியிலிருந்து வந்த யோகா கணவரைப் பார்த்தாள். "ஆரப்பா இவையள்?"

"குவாட்டர்பேக்மார். அமெரிக்கன் ஃபுட்போலில பந்தை எறிஞ்சு முழு ஆட்டத்தையும் நடத்திறவை. உமக்கு விளங்காது."

இரண்டு கிழமைக்கு முன்பு அவருக்கும்தான் விளங்காது. கிரிக்கெட்டைத் தவிர மற்றதெல்லாம் வேலையற்றவன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கூத்து என்று நம்பி வாழ்ந்த மனிதர். மகள் அக்ஷரா, தான் கட்ட விரும்பும் செந்தூரனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வருவதாகச் சொன்னபோதுதான் எல்லாம் தொடங்கியது.

"அப்பா, அவருக்கு அந்த விளையாட்டில சரியான விசர். அதைப் பற்றிக் கதைச்சா உங்களோட ஒட்டிடுவார்" என்றாள். கையோடு இன்னொன்றும் சொன்னாள்: "போன முறை மாதிரி இதுவும் குழம்பினா, நான் இனி ஒருத்தரையும் இந்த வீட்டுக்குக் கூட்டி வரமாட்டன்."

போன முறை ஏன் குழம்பியது என்பது சிவசோதிக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அந்தப் பையனை அன்பாகத்தான் விசாரித்தார். அதன் பிறகு அவன் இவர்கள் குடியிருக்கும் வென்ட்வேர்த்வில் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. மகள் தனிமரமாக நின்றுவிடுவாளோ என்ற பயம் அவரை அரித்தது.

ஆகவே மனிதர் யூடியூப்பைக் கரைத்துக் குடித்தார். குடிக்கக் குடிக்க ருசியும் பிடித்துவிட்டது. ஐம்பது வருடத்துக்கு முந்தியவனையும் நேற்று வந்தவனையும் எப்படி ஒரே தராசில் வைப்பது என்ற கேள்வி குளிக்கும்போதுகூட அவரை விடவில்லை. அதைத்தான் இப்போது எடுத்து வீசினார்.

"காலத்துக்குக் காலம் ஒப்பிடலாமோ தம்பி? அந்தக் காலத்துக் குவாட்டர்பேக் யூனிடாஸின்ரை நாளில எதிராளி விழுத்தி விழுத்தி அடிப்பான். இப்ப தொட்டாலே குற்றம். அவர் களத்தில நிண்டு தானே முடிவெடுத்தவர். இப்ப இருக்கிறவைக்குப் பயிற்சியாளர் காதுக்குள்ள ஓதுறார். சொல்லிக் குடுத்து விளையாடுறது ஒரு விளையாட்டே?"

"சொல்லிக் குடுத்தாலும் எறியிறது அவங்கட கைதானே அங்கிள்!"

பையன் விட்டுக்கொடுக்கிற ஆளாகத் தெரியவில்லை. சிவசோதி ஒரு வடையை எடுத்துக் கடித்தார். இவன் இன்னும் ஆழமாக இறங்கினால் தன் குட்டு வெளிப்பட்டுவிடும். போதாக்குறைக்கு யோகா ரிமோட்டை எடுத்தாள்.

"இப்ப டிவியில அந்த மட்ச்தான் போகுது போல. போட்டு விடட்டோ?"

நேரடி ஆட்டத்தில் எதற்கு விசில் ஊதுகிறார்கள் என்றே அவருக்குத் தெரியாதே! அவர் வாயைத் திறப்பதற்குள் செந்தூரன் பதறிக்கொண்டு சொன்னான்: "வேண்டாம் அன்ரி! நாங்கள் கதைச்சுக்கொண்டிருப்பம்."

ஆட்டத்தைவிடப் பெரியவர்களின் பேச்சைப் பெரிதாக மதிக்கிற பிள்ளை! சிவசோதிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"பிரேடியை முதல்ல ஒருத்தரும் விரும்பி எடுக்கேல்லை அங்கிள்" என்றான் செந்தூரன். "புது ஆக்களைத் தெரிவு செய்யேக்க ஆறாம் சுற்று வரைக்கும் காத்திருந்தவர்."

"யூனிடாஸை எடுத்த அணியே வேண்டாமெண்டு கலைச்சு விட்டதெல்லோ? கட்டட வேலை செய்துகொண்டு சின்னக் கழகத்தில விளையாடினவர்!" சிவசோதி உற்சாகத்தில் மேசையைத் தட்டினார். "ஒருத்தன் எங்கயிருந்து வந்தவன் எண்டே பாக்கிறது? களத்தில எப்பிடி நிக்கிறான் எண்டதைத்தான் பாக்க வேணும்."

"ஓம் அங்கிள்" என்றான் செந்தூரன். ஏனோ கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டான்.

சாப்பாடு முடிந்து அவன் "போட்டு வாறன்" என்று எழுந்தபோது, சிவசோதி வாசல்வரை போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ தம்பி. நாள் வைப்பம்."

கார் தெருமுனையைத் தாண்டுமுன்பே கனடாவிலிருக்கும் அண்ணனுக்கு அழைப்பு எடுத்துவிட்டார்.

"அண்ணை, பிள்ளைக்குச் சரிவந்திட்டுது. பொடியன் தங்கம். நான் வாக்குக் குடுத்திட்டன்."

"நல்ல விசயம். ஆக்கள் ஊரில எவடம்? ஆரின்ரை வழி?"

சிவசோதி திகைத்துப் போனார். வருகிறவன் கதிரையில் அமருமுன்பே அவர் கேட்டுவிடுகிற கேள்வி அது. ஊரில் எவ்விடம் என்று தெரிந்தால் போதும், இன்ன சாதி என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுவார். போன முறை வந்தவனிடமும் முதலில் அதைத்தான் கேட்டார். இன்றைக்கு மட்டும் எப்படி மறந்துபோனது?

கைபேசியைப் பொத்திக்கொண்டு மகளிடம் திரும்பினார். "பிள்ளை, பெரியப்பா கேக்கிறார். செந்தூரனின்ரை ஆக்கள் ஊரில எவடம்?"

அக்ஷரா தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கியபடியே நிமிர்ந்தாள்.

"அப்பா, அந்த விளையாட்டில அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. உங்களுக்குத்தான் அதில விசர் எண்டு சொல்லி, அவரையும் இரண்டு கிழமையா இருத்திப் படிப்பிச்சனான். நீங்கள் வாக்குக் குடுக்கும் மட்டும், இந்த ஒரு கேள்வியைக் கேக்க உங்களுக்கு நேரம் கிடைக்கக் கூடாதெல்லோ?"